அடித்தால் என்ன சொல்வது

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்து. மல்லசமுத்திரம் தாண்டியதும் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா தன் மகளிடம் கேட்டார்: "உன்னைய அங்க அடிச்சாங்கன்னா என்ன சொல்லோணும் சாமி?"

மகள் அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போகிறாள், முதியோர் இல்ல வேலைக்கு. வகுப்பில் படித்த ஜப்பானிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்தாள்.

"சிரிச்சுட்டே 'தைஜோபு தெஸ்'னு சொல்லோணும்னு மிஸ் சொன்னாங்க."

"அப்படின்னா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"அடி வாங்கிட்டா?"

"புத்தி தடுமாறுன வயசானவங்க சில நேரம் அடிப்பாங்களாமா. நாமதான் பொறுத்துக்கோணுமாம்."

"சரி, வயசானவங்கள உடு. வேலை வாங்கறவன் உம்மேல கை வெச்சா?"

மகள் வகுப்பு நோட்டைப் புரட்டினாள்.

"உடுங்கன்னு சொல்றதுக்கு என்ன வார்த்தை?"

"அது சொல்லித் தரலீங்மா."

மாதக்கணக்கில் வகுப்பு நடத்தி, நன்றியும் மன்னிப்பும் மட்டும் சொல்லிக் கொடுத்து ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள், பாவிகள்.

"உன் போன்ல கேட்டுப் பாரு" என்றார் அம்மா.

மகள் தேடிப் பார்த்தாள். "யமெதெ குதசாய்" என்று மெல்லச் சொல்லி, பழக்கத்தில் தலையைக் குனிந்தாள்.

அம்மா அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இதுக்குக் குனியாத சாமி. கத்து."

கத்தினாள். ஓட்டுநர் பிரேக் போட்டுவிட்டார். நடத்துநர் பின்னால் ஓடி வந்து, "என்னாச்சுங்க, யாரு என்ன பண்ணுனாங்க?" என்றார்.

"எம்புள்ள படிக்குதுங்க. நீங்க வண்டிய எடுங்க" என்றார் அம்மா. பிறகு மகளிடம் திரும்பி, "இன்னொருக்கா" என்றார்.