ஒத்த இலை

தாமரையா? நல்லாச் சொன்ன போ. இது அல்லிம்மா. இலையப் பாரு, தண்ணி மேலயே படுத்துக் கெடக்கு, ஓரத்துல இருந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு. தாமரை இலைக்கு வெட்டே இருக்காது, தண்ணிய விட்டு எந்திரிச்சும் நிக்கும்.

இல்ல இல்ல, டீயெல்லாம் வேணாம். திண்டுக்கல்லுலயே குடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுனேன். செத்த நேரம் இந்தத் தொட்டிகிட்ட நிக்கிறேனே. செடி குரூப்புல நீ போட்ட போட்டோவப் பாத்ததுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. ஓரம் ஊதா, உள்ள வெண்ண மஞ்சள். இந்தப் பூவு எங்க மொட்டமாடியத் தவிர வேற எங்கயும் கெடையாது. நான் உண்டாக்குனது.

சிரிக்காத தாயி, நெசமாத்தான். அல்லி விரியிற மொத நாளு பொம்பளப் பூவு. நடுவுல தண்ணி கோத்து நிக்கும், பொடி இருக்காது. மறுநாளு அதே பூவு ஆம்பள, மகரந்தமாக் கொட்டும். மஞ்சப்பூவோட மறுநாப் பொடிய எடுத்து, ஊதாப்பூவோட மொத நாத் தண்ணியில விட்டேன். காய் தண்ணிக்குள்ள முங்கித்தான் முத்தும். வெடிச்சு வெத ஓடிரக்கூடாதுன்னு துணி வேற கட்டி வச்சேன். அம்புட்டு வெதையில இது ஒண்ணுதான் பொழச்சுச்சு.

இதுக்கு வெத பிடிக்காதும்மா. பின்ன எப்படிப் பெருகும்ங்கிறியா? இந்தா பாரு, இலை நடுவுல, காம்பு சேர்ற எடத்துல, குட்டி மொளச்சிருக்கா? இப்பிடி ஒத்த இலையக் கிள்ளித் தண்ணியில போட்டாப் போதும். நான் யாருக்கும் குடுக்கல. மாடிச் சாவி ரெண்டே பேருகிட்டதான் இருக்கு. ஒனக்கு யாரு குடுத்தா, அதக் கேக்கத்தான் வந்தேன்.

ம். பிராங்கிளின் சாரா. வாராவாரம் ஒட்டன்சத்திரம் வருவாரா? மார்க்கெட்டு வேலைன்னு எங்கிட்டயும் அதத்தான் சொல்லுவாரு. ஆமாம்மா, எங்க வீட்டுக்காரருதான். நான் வெயில்ல குனிஞ்சு துணி கட்டுனப்ப பக்கத்துல நின்னு தண்ணி மோந்து ஊத்துன மனுசன். பாவி, எங்கையால வளத்தத எடுத்தா இன்னொருத்திக்குக் குடுப்பான்?

ஏன் இப்பிடி வெளுத்துப் போற? ஒக்காரு. ஒன்னைய வைய வரல. வயிறு எரியுது, அது அந்தாள நெனச்சு.

என்னது, கல்யாணம் பேசிட்டாரா? பொண்டாட்டி எறந்துட்டான்னா சொன்னாரு? அவ ஞாபகமா இருந்த பூவுன்னு சொல்லித்தான் இத ஒனக்குக் குடுத்தாரா?

அவ பேரு என்னன்னு சொன்னாரு? அறிவுச்செல்வியா?

பேரையாவது சரியாச் சொல்லிருக்காரு. நாந்தாம்மா அது.