எழில்மதியின் முதல் மாம்பழம்

எனக்கு மாம்பழம் பிடிக்காது. காரைக்காலுக்கு மருமகளாக வந்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். என் மாமியார் பங்கஜவல்லி சிரிக்கவில்லை. "பரவால்ல, ஒம் பங்கையும் அமுதம் தின்னுடுவா" என்றார். அமுதம் என் நாத்தனார். அவளும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு உயிர்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ்களைப் பற்றியது என் ஆராய்ச்சி. இந்த மாவட்டத்தில் எத்தனை வகைகள் இருக்கின்றன, அவை எப்படிப் பரவுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். சொல்ல எளிது. பிள்ளைகளின் மலத்தைக் கேட்டுக் காரைக்கால்மேட்டில் போய் நின்றால், மீன் ஏலத்தை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்ப்பார்கள். "எம்புள்ள வயித்துல என்னம்மா தேடுறீங்க, மோதிரம் கீதிரம் தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. சேர்த்ததில் பாதி, கரண்ட் போய் ஃப்ரீசரிலேயே வீணானது. மிஞ்சியதில் வகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நெரவியில் ஒன்று, பூவத்தில் வேறொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. கட்டுரை அனுப்பிய இடமெல்லாம் ஒரே பதில்: வகைகளைக் காட்டிவிட்டீர்கள், பரவலைக் காட்டவில்லை. நான் எப்படிக் காட்டுவது? நோய் ஊரெல்லாம் சுற்றிக் களைத்த பிறகுதான் என்னிடம் வருகிறது. அதன் தொடக்கத்தை யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

இந்த வருடம் ஆனி மாதத்தில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் சமைக்கும் செல்லம், வெளியூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வாந்தியும் பேதியுமாகத் திரும்பினார். மாதிரி வாங்கிப் பார்த்தேன். நோரோ வைரஸ். அதிலும் இந்த மாவட்டத்தில் நான் பார்த்தே இராத வகை. இனி இங்கே யாரிடம் அது தென்பட்டாலும், புறப்பட்ட இடம் எனக்குத் தெரியும்.

மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்த அமுதம், முன்பு ஒரு திருவிழாவில் பிடித்த பழத்தைத் தின்ற பிறகு பெற்றவள் எழில்மதி. அதற்கு நேர்த்திக்கடனாக எங்கள் மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் இறைப்பதாக இருந்தது. செல்லம் வந்து, உடம்பு இன்னும் சரியாகவில்லை, பழம் கழுவ வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"பேதி நின்னுருச்சுல்ல? வாங்கக்கா, ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

பேதி நின்ற பிறகும் கிருமி பல நாள் வெளியேறிக்கொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும். பழங்களைக் கழுவி, துடைத்து, கூடையில் அடுக்கியவர் செல்லம். வீட்டுக்கென்று சில பழங்களை மட்டும் நானே தனியாகக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். இறைத்த பழம் வீட்டுப் பழத்துக்குச் சமம் இல்லை. தெருவில் நின்று, சாமிக்கு இறைத்ததில் தானாகக் கைக்கு வருவதுதான் பிரசாதம். சாமி உலா வரும் பவளக்கால் சப்பரம் எங்கள் வாசலைத் தாண்டும்போது மாடியிலிருந்து கீழே பார்த்தேன். குழந்தையை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, அமுதம் கூட்டத்துக்குள் நின்று முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, இங்கிட்டு ஒண்ணு போடுங்க. பாப்பாவுக்கு."

எறிந்தேன். கத்திச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

அவள் வீட்டுக்குள் வந்ததும், பாப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் இருக்கும் பழத்தைக் கொடுக்கலாமே என்றேன்.

"சாமி குடுத்தத வச்சிக்கிட்டு ஐஸ் பொட்டிப் பழத்தையா குடுப்பாங்க? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால், பழம் பிடித்த ஒவ்வொருவரையும் எச்சரிக்கக் கிளம்பியிருப்பார்கள். எதுவுமே பரவியிருக்காது. அமுதம் கொஞ்சம் சதையை விரலால் எடுத்துக் குழந்தையின் நாக்கில் தடவினாள்.

பிறகு எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. முதலில் எங்கள் தெரு, பிறகு நெரவி, பிறகு பூவம். வந்த மாதிரிகளில் எல்லாம் செல்லத்தின் வகை. வரைபடத்தில் புள்ளிகளைச் சேர்த்தபோது, இத்தனை வருட எரிச்சலும் என்னை விட்டு இறங்கியது போல இருந்தது.

எழில்மதிக்கும் பேதி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அமுதம் என்னைத்தான் கேட்டாள். உப்பு சர்க்கரைத் தண்ணீர் போதும் என்றேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போதும். நான் பொய் சொல்லவில்லை. தொற்றின் தொடக்கத்திலிருந்து ஒரே குழந்தையின் மாதிரிகள் வரிசையாகக் கிடைப்பது அபூர்வம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவை என் கைக்கு வராது. குழந்தையின் கண் குழி விழுந்ததைப் பார்த்தேன். அழும்போது கண்ணீர் வராததையும் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு சொல்லலாம் என்றிருந்தேன். நான் சொல்வதற்குள் அமுதமே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நேரம் கடந்திருந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அமுதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. துக்கம், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சில் வந்ததும் ஒரு பிரதியை அவளிடம் சேர்த்துவிடுங்கள். நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயர் எழில்மதி. அதைப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.