தவராசாவின் பியர் கலன் குறித்து நான் அறிந்தவை

1. என் பெயர் சின்னத்துரை விநாயகமூர்த்தி. வயது ஐம்பத்தெட்டு. ஆக்லாந்து, லின்ஃபீல்டில் வசிக்கிறேன். 1988 வரை யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தேன். இந்நாட்டில் அத்தொழில் புரிய எனக்கு அனுமதி இல்லை. எல்லர்ஸ்லியில் உள்ள ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். எனினும் கீழே வரும் பேச்சுக்கள் தமிழில் நிகழ்ந்தவை ஆதலால் தமிழிலேயே கூறத் தெரிவுசெய்தேன். பொலிசார் ஒழுங்குசெய்த மொழிபெயர்ப்பாளர் திரு. செல்வராஜ் இதை எழுதிக்கொள்கிறார்.

2. திரு. கந்தையா தவராசா என் பக்கத்து வீட்டுக்காரர். என்னை 'அண்ணை' என்று அழைப்பார், உறவினர் அல்லர். அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் விற்றார் என்ற சந்தேகத்தின் பேரில் அவர் விசாரிக்கப்படுவதாகவும், அவரது கராஜில் இருந்த பியர் காய்ச்சும் கலன் சான்றுப் பொருளாக எடுத்துச்செல்லப்பட்டதாகவும் அறிகிறேன். என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. அவரது வீட்டு விழாவில் விருந்தினர் அவரிடம் கொடுத்த உறைகள் எதற்கானவை என்பது முதலாவது. விற்கும் நோக்கம் இல்லாதவர் இவ்வளவு விலையுயர்ந்த சாதனத்தை எதற்காக வாங்கினார் என்பது இரண்டாவது.

3. பதிலின் முக்கியத்துவம் தெரியாமல் நான் இங்கு வரவில்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். திரு. தவராசா அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இங்கு வந்தவர். அவரது குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அவரது தாயார் திருச்சியில் இருக்கிறார், நோயாளி. இப்போதைய அகதிப் பயணப் பத்திரத்துடன் அங்கு செல்ல இவர் இருமுறை விசா கேட்டார், இருமுறையும் மறுக்கப்பட்டது. ஒரு தண்டனை பதிவானால் குடியுரிமையும் தள்ளிப்போகும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று என்னால் அவருக்குக் கூற முடியவில்லை.

4. முதலாவது கேள்வி. சம்பவ தினம் அவரது மகள் நிலானியின் சாமத்திய வீடு, அதாவது பெண்பிள்ளை பருவமடைந்ததை ஒட்டி நடத்தும் சடங்கு. வருகின்ற ஒவ்வொரு குடும்பமும் ஓர் உறையில் பணம் வைத்து, மேலே தம் பெயர் எழுதி, அலங்கரித்த இருக்கையில் இருக்கும் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எம் வழக்கம். அன்று வீட்டு வரவேற்பறையில் படத்துக்கு நின்றவர்களின் வரிசை வாசலையும் தாண்டியது. அதன் பின்னர் ஆண்களிற் சிலர் வரிசையை விட்டு விலகிக் கராஜுக்கு வந்து, உறையைத் தகப்பனிடமே கொடுத்துவிட்டுப் பியர் குடிக்கத் தொடங்கினர். இது வழக்கம் அல்ல, சோம்பல்.

5. வாகனங்கள் அயலவரின் பாதையை மறித்ததாக முறைப்பாடு வந்து, இரு பொலிஸ் உத்தியோகத்தர்கள் கராஜ் வாசலில் நின்ற வேளையில், திரு. குலசிங்கம் என்ற முதியவர் ஒரு கையில் உறையையும் மறு கையில் வெறும் கிளாஸையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்போது என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அவர் சொன்னது: "இந்தா தவம், பிடி. பிள்ளைக்கு எண்டு சொல்லிப்போட்டன். இனி நுரை வராமல் ஊத்து, போன கிழமை வேறை வீட்டுச் சடங்கிலை எனக்கு நுரைதான் கிடைச்சது." திரு. தவராசா உறையைச் சட்டைப் பையில் வைத்தார். அதன் பின்னர் குழாயைத் திறந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உறை கொடாதவர்களும் குடித்தார்கள். நானும் குடித்தேன், என் உறையை என் மனைவி உள்ளே கொடுத்திருந்தார். உறை கொடுத்த ராம்சாமி என்ற பிஜிக்காரர் குடிக்கவே இல்லை, அவர் விரதம்.

6. இரண்டாவது கேள்வி. விசாரிக்கும் உத்தியோகத்தர், தாமும் வீட்டில் பியர் காய்ச்சுபவர் என்றும், தம்மிடம் இருப்பது பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றே என்றும், சொந்தக் குடிப்புக்காக எவரும் இத்தகைய சாமான் வாங்கமாட்டார் என்றும் கூறினார். அது நியாயமான ஐயம். நான் அறிந்ததைச் சொல்கிறேன். திரு. தவராசாவும் முதலில் பிளாஸ்டிக் வாளியிலேயே காய்ச்சினார். அது சுமாராக வந்தது. குற்றம் வாளியினுடையது என்று அவர் முடிவுசெய்தார். அதன் பின்னர் ஒரு கடையின் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து, அடியில் கூம்பாக ஒடுங்கி, குழாயும் வாயு உருளையும் பொருத்திய எவர்சில்வர் கலன் ஒன்றைக் காட்டி, வாங்கினால் பிரயோசனப்படுமா என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு அடிக்கடி காய்ச்சுவார் என்பதையும், அதை ஒழுங்காகச் சுத்தம் செய்வாரா என்பதையும் பொறுத்தது என்றேன். "அப்ப வாங்கலாம் எண்டுறியள் அண்ணை," என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் மனைவி திருமதி ரதிதேவி, "உந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம், நானும் பஸ்ஸுக்கு நிக்கத் தேவையில்லை," என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. கலன் வந்தது. பழைய வாளியை ரதிதேவி நிலம் துடைக்க எடுத்துக்கொண்டார்.

7. அவர் ஊரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். இங்கு குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளுக்கு ரப்பர் பொருத்துகிறார். ஒவ்வொரு ஞாயிறும் கலனின் வெளிப்புறத்தை மென்துணியால் துடைப்பார். துடைத்த பின்னர் படுக்கை விரிப்பால் மூடுவார். ஒருமுறை சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, கலனின் முன்னால் நின்று எடுத்த படத்தைத் தாயாருக்கு அனுப்பினார். தம் மகன் ஒரு தொழிற்சாலையில் பெரிய இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருப்பதாக அந்த அம்மா நம்புகிறார். திரு. தவராசா அதைத் திருத்தவில்லை. அவர் கலனை ஏன் வாங்கினார் என்பதற்கு இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

8. அக்கலனில் காய்ச்சிய பியர் விற்கக்கூடியதாக இருந்ததா என்று கேட்கப்பட்டது. இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு போத்தல் தந்தார். முதலாவது சவர்க்காரம் போல் இருந்தது. பின்னர் வந்தவை புளித்தன. ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகப் புளித்தது. குழாயின் உட்புறத்தில் பழைய மண்டி தங்கியிருந்ததே காரணம் என்று பிறகு கழற்றிப் பார்த்தபோது கண்டோம். வாளி என்றால் கை முழுவதும் உள்ளே போகும், கழுவலாம். கலனின் குழாய்க்குள் அவரது விரல்தான் போனது. அச்சாதனம் அதன் விலைக்குப் பெறுமதியானதா என்பதே கேள்வியாயின், அவரைப் போன்று எப்போதாவது காய்ச்சும் ஒருவருக்கு, என் அபிப்பிராயத்தில், இல்லை.

9. அப்படியாயின் விழாவன்று விருந்தினர் விரும்பிக் குடித்தது எப்படி என்று உத்தியோகத்தர் கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா என யோசித்தேன். அரை உண்மை அவருக்கு உதவாது என்பதால் சொல்கிறேன். விழாவுக்கென்று கலனில் வைத்த பியரும் புளித்துப்போயிற்று. சடங்குக்கு வருபவர்கள் எல்லாருக்கும் அவர் கலனைப் பற்றி முன்னரே சொல்லியிருந்தார். ஆகவே அவரும் நானும் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குச் சென்று மூடியுள்ள ஒரு புதிய வாளியை வாங்கினோம். என் வீட்டில் உடுப்புக் கழுவும் அறையில் அதில் காய்ச்சினோம். ரதிதேவிக்கும் தெரியாது. விழாவுக்கு முந்திய வாரம் அந்தப் பியரை வேலிக்கு மேலால் கைமாற்றி, கழுவிய கலனுக்குள் ஊற்றி, வாயு ஏற்றினார். அன்று எல்லாரும் குடித்தது வாளிப் பியர். எவர்சில்வர் என்றால் எவர்சில்வர்தான், சுவையே வேறு என்று திரு. குலசிங்கம் புகழ்ந்தார். திரு. தவராசா அவரது கிளாஸை இன்னொரு முறை நிரப்பினார். வியாபாரம் செய்பவர் ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டு, இலவசமாக, தம் சாதனத்தின் மானத்தைக் காப்பாற்றமாட்டார் என்பது என் பணிவான சமர்ப்பணம்.

10. இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டுவதற்கு முன் சிறிது இடைவேளை தரப்பட்டது. திரு. தவராசா தம் முறைக்காக வெளியே சுவரோர வாங்கில் அமர்ந்திருந்தார். சாட்சியத்தைப் பற்றி அவருடன் பேசுவது முறையன்று என்பதால் தள்ளி அமர்ந்தேன். அவர்தாம் கேட்டார்: "அண்ணை, வாளியையும் சொல்லிப்போட்டியளோ?" ஓம் என்றேன். அதன் பின்னர், "வாளி எண்டு போடாமல் வேறொரு பாத்திரம் எண்டு போடேலாதோ? கோர்ட்டிலை வாசிச்சால் குலசிங்கத்தார் சாகுமட்டும் சிரிப்பார்," என்றார். பாத்திரம் என்றால் இன்னொரு கலன் ஒளித்து வைத்திருப்பதாக நினைப்பார்கள் என்று சொன்னேன். "அம்மாவைப் பாக்கோணும் அண்ணை. சரி, வாளி எண்டே இருக்கட்டும்," என்றார். நான் எழுந்தபோது கையைப் பிடித்து, "புது வாளி எண்டாவது போடுங்கோ. இல்லாட்டி ரதி நிலம் துடைக்கிற வாளி எண்டு சனம் நினைக்கும்," என்றார்.

11. இவ்வுரையாடல் நிகழ்ந்ததை நானே உத்தியோகத்தருக்குத் தெரிவித்தேன். வாளி புதியது என்பது உண்மை. என் கண் முன்னால் வாங்கப்பட்டது. ஆகவே 9ஆம் பந்தியில் 'வாளி' என்னும் சொல் முதலில் வரும் இடத்தில், அதற்கு முன் 'புதிய' என்னும் சொல்லைச் சேர்க்கும்படி கேட்டேன். "ஒரு வார்த்தைதானே சார், அவசியமா?" என்று திரு. செல்வராஜ் கேட்டார். அவசியம் என்றேன். அது சேர்க்கப்பட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பம் இடப்பட்டது.

12. இப்பதினொரு பந்திகளும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. மேற்சொன்ன ஒரு திருத்தத்துடன், நான் கண்டதும் கேட்டதும் சுவைத்ததும் இவையே. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. பொய்யென அறிந்து எதையும் சொல்லவில்லை.

ஒப்பம்: சி. விநாயகமூர்த்தி
ஆக்லாந்து, 1996 நவம்பர்

சாட்சிகள்:
ம. செல்வராஜ், மொழிபெயர்ப்பாளர்
ஆ. குணரத்தினம், சமாதான நீதவான்