ஒரு வரி எழுதினா நிக்கும்

கிளட்ச மெதுவா விடுங்க சார், அதுக்கும் உசுரு இருக்கு. ம், இப்படித்தான். நேராப் போங்க, பள்ளிக்கூடம் தாண்டித் திரும்பலாம்.

என்ன கேட்டீங்க, டிரைவிங் ஸ்கூல் நடத்துறவனுக்கு சர்வர் சமாச்சாரம் எப்படித் தெரியும்னா? எல்லாம் வீட்டுக்காரியால வந்த ஞானம். அவ ஒரு கம்பெனில டேட்டாபேஸ் பாக்குறா. அங்க சர்வர் பாக்குறவர் ஒருத்தர் இருக்கார். ஆமா, உங்க தொழில்தான். சாயங்காலமானா அவர்கிட்டருந்து போன் வந்துடும். இவ எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறிடுவா. கேட்டா, ஃபைல் லிமிட்ங்க, உங்களுக்குப் புரியாதுங்கறா.

புரியாதுன்னுட்டாளேன்னு நானும் உக்காந்து படிச்சேன் சார். டேட்டாபேஸ் டேபிளுக்கு டேபிள் ஃபைலத் திறக்குது, உள்ள வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு திறக்குது. இதுக்கு மேல திறக்கக் கூடாதுன்னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு கோடு போட்டு வச்சிருக்கு. கோட்டத் தொட்டா, இடமில்ல போன்னு கதவச் சாத்திடும். சரிதானே?

ஹாரன் எதுக்கு, அந்தம்மா ஓரமாத்தான் போறாங்க. ரெண்டாவது கியர்.

லிமிட்ட ஏத்த ரெண்டு வழி. ஓடும்போதே கையால ஏத்தலாம், ஆனா சர்வர நிறுத்திக் கிளப்பினா பழையபடி இறங்கிடும். இல்ல, அந்த சர்வீஸோட செட்டிங்ல ஒரே ஒரு வரி எழுதினா, எத்தன தடவ நிறுத்தினாலும் நிக்கும். அவர் கையாலதான் ஏத்துறார் சார். மறுபடி இறங்குது, மறுபடி போன், மறுபடி மாடி. வண்டி ஓட்டுற எனக்கே தெரிஞ்ச ஒரு வரி அவருக்குத் தெரியாதா?

நேரமில்லாம இருக்கலாமா? இருக்கலாம். நான் தப்பாச் சொல்லல.

மொதல்ல எல்லாம் சொல்லுங்கன்னுதான் போன எடுப்பா. இப்போ சொல்லுன்னு எடுக்குறா. கடைசில இருந்த அந்த ரெண்டெழுத்து மரியாத எப்போ கழண்டு விழுந்துச்சுன்னு நான் கவனிக்கல. எங்கிட்ட மட்டும் வாங்க, போங்க, சாப்பிடுங்க எல்லாம் குறையில்லாம அப்படியே இருக்கு. மேல அவ சிரிக்கிறது கீழ வரைக்கும் கேக்கும். ஃபைல் லிமிட்ல சிரிக்க என்ன இருக்கு? முழுசாப் படிச்சுப் பாத்தேன், எனக்கு ஒரு எடத்துலயும் சிரிப்பு வரல.

ஒரு நாள் சாப்பிடும்போது அந்த ஒரு வரியப் பத்தி நானே எடுத்துச் சொன்னேன். அட, இவருக்கும் தெரிஞ்சிருக்கேன்னு சந்தோஷப்படுவான்னு நெனப்பு. உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்னு தட்டத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டா.

ஏன் சார் ஸ்டியரிங்க இப்படி நெரிக்கிறீங்க? உங்க போன் அடிக்குதா? வண்டி ஓட்டும்போது தொடக் கூடாது. நான் பாக்குறேன்.

ம், அவதான். இன்னிக்கு நீங்க கூப்பிடலன்னு அவளே கூப்பிடுறா. அவ புருஷன் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கான்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அப்போ என்னப் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசினதில்ல போல.

ஓரமா நிறுத்துங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். கூச்சப்படாமப் பேசுங்க சார், ஃபைல் லிமிட்தானே. இப்போ எனக்கும் புரியும்.