புதன்கிழமை மட்டும் ஓடிய விசிறி

நிலவறைக்குச் சாம்பல் நிறம் அடிக்கவே கூடாது. உங்கள் இந்த விசாரணை அறைக்கு யார் அடித்தார்களோ, மனுஷன் உட்கார முடியவில்லை. நான் நின்றுகொண்டே சொல்கிறேன். என் கால் ஓரிடத்தில் தரிக்காது.

கீழே வெளிச்சம் குறைவு, அதனால் வெண்ணெய் நிறம்தான் சரி. என் மனைவி ஆர்டிஸுக்காக அதையே அடித்தேன். கூரை தாழ்வாகத் தெரியாமலிருக்க விளக்குகளை உள்ளே பதித்தேன். தரைக்கடியில் சூட்டுக் கம்பி ஓடவிட்டேன். எங்கள் அயோவா மாநிலக் குளிரில் அவள் பாதம் விறைத்துவிடும். துண்டுத்துணிப் போர்வை தைக்க நீள மேசை, காபிக்கு ஒரு மூலை, பக்கத்திலேயே கழிப்பறை. ஓய்வுபெற்ற தபால்காரன், தனியாளாகப் பதினான்கு மாதம் உழைத்தேன்.

"வெர்லின், இனிமே நான் எதுக்கு மேல ஏறி வரணும்?" என்றாள் ஆர்டிஸ்.

"எங்க வீட்டுக்காரரு இதுவரைக்கும் ஒரு ஆணி அடிச்சதில்லக்கா. உனக்கு வாய்ச்ச மகராசனப் பாரு," என்றாள் அவள் தங்கை லவோன்.

ஆர்டிஸ் மேலே வராமலிருப்பதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. முப்பது வருஷம் தெருத்தெருவாகத் தனியே நடந்தவன் நான். ஓய்வுக்குப் பின் நாள் முழுக்க ஒரே சமையலறை, எதிரே அவள். ஒரே பாட்டின் முதல் இரண்டு அடியை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். சொன்னால், "நானா? நான் எங்க பாடினேன்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். விவாகரத்தா? எங்கள் லுத்தரன் சபையில், அந்த வயதில்? நான் அப்படிப்பட்டவன் இல்லை.

வேலை தொடங்குமுன், இங்கே எல்லாரும் செய்வதுபோல, ரேடான் சோதனை செய்தேன். மண்ணிலிருந்து கசியும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்று வரும். அளவு நான்கைத் தொட்டாலே குழாயும் விசிறியும் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இருபத்தெட்டு. இரண்டையும் வைத்தேன். குழாயைப் பலகையால் அழகாக மூடினேன். விசிறியின் சுவிட்சைப் பெயின்ட் அலமாரிக்குள் பொருத்தி, அணைத்துவிட்டேன்.

புதன்கிழமைதோறும் லவோனும் சபைப் பெண்கள் ஐந்து பேரும் தைக்க வருவார்கள். செவ்வாய் காலையே விசிறியைப் போட்டுவிடுவேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் போனதும் அணைத்துவிடுவேன்.

இப்படியே எட்டு வருஷம் போயிற்று. ஆர்டிஸின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். ஆர்டிஸ் சிரித்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து நிலவறைப் படிக்கட்டின் கைப்பிடிக்கு இரண்டு பூச்சு அடித்தேன். அவளுக்கு அப்போது பிடித்து ஏற வேண்டியிருந்தது.

அவள் அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை, போர்வைகளை எடுக்க லவோன் கீழே வந்தாள். "என்ன வெர்லின், இவ்வளவு அமைதியா இருக்கு? புதன்கிழமைன்னா இங்க ஒரு உறுமல் கேக்குமே," என்றாள். சொல்லிக்கொண்டே, அது எதிலிருந்து வந்தது என்று தேடிப் பெயின்ட் அலமாரியைத் திறந்துவிட்டாள். உள்ளே, 'ரேடான் விசிறி' என்று நானே எழுதி ஒட்டிய சுவிட்ச் அணைந்திருந்தது.

ஆமாம், நான்தான் அணைத்தேன். தெரிந்தேதான். ஆனால் அவளைக் கீழே போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது மேலே நல்ல அமைதி. நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்படிப் பார்க்கிறீர்கள்? நானா? நான் எங்கே பாடினேன்?