கடல் நித்திரை கொள்ளுமோ

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். இண்டைக்கு இறக்கக்கண்டி பஸ்ஸில், முன் சீற்றில் ஒரு மீன்பிடிகாரரும் மகளும் கதைச்சது இது. பிள்ளை டவுனுக்குக் கதை சொல்லும் போட்டிக்குப் போகுது.

"'கடல் நித்திரை கொண்டது' எண்டு சொல்லாத மகள். கடலுக்குக் கண்ணா இருக்கு? அலை இல்லை எண்டு சொல்லு."

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு வாப்பா. அதுதான் எனக்கு ஆசையான இடம்."

"மேடையில ஏறிப் பொய் சொல்ல ஏலாது."

"நேத்து நீங்கள் எஞ்சினுக்குத் தடிமன், இருமுது எண்டு சொன்னீங்களே. அதுக்கு மூக்கா இருக்கு?"

பஸ்ஸே சிரிச்சுது. அவர்தான் எல்லாரிலும் கூடச் சிரிச்சார்.

"சரி, அப்பிடியே சொல்லு. நானும் முன்னுக்கு இருந்து கேக்கிறன்."

ரம்யா பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒருக்கால் சத்தமா வாசி பாப்பம்.