கத்தாத பெட்டி

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே தொழில்நுட்பச் செய்திகளைப் படித்துவிடுவது என் பழக்கம். மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதைப் போலத்தான். இரண்டிலும் நல்லதே நடக்கும் என்றுதான் போட்டிருக்கும். நான் மட்டும் அதைத் திருப்பிப் போட்டுப் படிப்பேன். ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், இதுவரை சும்மா கொடுத்த எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ‘புதிய பயணத்தைத் தொடங்குகிறோம்’ என்றால் பாதிப் பேருக்கு வேலை போகிறது. ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று வந்தால், எங்கோ யாருக்கோ மூச்சு நின்றுபோயிருக்கிறது. இதையெல்லாம் கசப்போடு சொல்லவில்லை. சமையல்காரருக்கு உப்பின் அளவு தெரிவதைப் போல எனக்கு இது தெரியும், அவ்வளவுதான்.

பத்திரிகையில் இருந்த காலத்தில் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே வைத்த பெயர் பாகற்காய். என் தங்கைக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவள். என் கட்டுரைகளை வெட்டி வைத்துக்கொண்டு, சக ஆசிரியைகளிடம் எங்க அண்ணன் எழுதினது என்று காட்டுவாளாம். எங்கள் இருவருக்கும் வேறு நாதி கிடையாது. அவள் கல்யாணம் நிலைக்கவில்லை, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு நான் கேலி செய்து எழுதிய நிறுவனங்களில் ஒன்றே என்னைக் கூப்பிட்டது. திட்டத் தெரிந்தவனுக்குத்தான் திட்டு எங்கிருந்து வரும் என்று தெரியும் என்றார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது? வீடுகளில் சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டியை அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சுடவைக்கும் எரிவாயு ஹீட்டர் சரியாக எரியவில்லை என்றால் ஒரு நச்சு வாயு வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பெட்டி அதை மோப்பம் பிடித்துக் கத்தும். மோப்பம் பிடிப்பது மட்டும்தான் பெட்டியின் வேலை. அது ஆபத்தா இல்லையா என்று தீர்மானிப்பது இணையத்தின் வழியாக எங்கள் நிறுவனத்தில் இருந்த கணினி. ‘மூக்கு உங்கள் வீட்டில், மூளை எங்களிடம்’ என்ற விளம்பர வரி நான் எழுதியதுதான். தங்கை வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோய் நானே மாட்டிக்கொடுத்தேன்.

அங்கே எங்களுக்கு இயக்குநராக இருந்தவரைச் செண்டு சார் என்று சொல்லுவோம். அவர் வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. லிஃப்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாருக்காவது பிறந்தநாள் என்றால் தவறாமல் வாழ்த்துவார். ஒருநாள் ஒரு கூட்டம் போட்டார். பழைய பெட்டிகளுக்காக வைத்திருந்த கணினிகளை நிறுத்திவிட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நிறுத்தியபின், இனிமேல் கத்தவே முடியாத அந்தப் பெட்டிகளில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் பேச்சு. சிவப்பு எரிந்தால் ஊரே தொலைபேசியை எடுத்துக்கொண்டு நம் கழுத்தில் உட்காரும் என்று கவலைப்பட்டார்கள். பச்சையே எரியட்டும் என்று ஒரு யோசனை வந்தது. செண்டு சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். அந்தத் தலை ஆடிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பினோம். அனுப்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் படிக்காத நீளத்தில் அதை எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நன்றியில் தொடங்கி, புதிய மாதிரியின் பெருமைகளைச் சொல்லி, கடைசிக்குச் சற்று முன்னால், ‘பச்சை விளக்கு மின் இணைப்பை மட்டுமே குறிக்கும்’ என்று வைத்திருந்தேன். தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, “அண்ணா, உங்க ஆபீஸ்லேருந்து ஏதோ பெரிசா வந்திருக்கு, படிக்கணுமா?” என்று கேட்டாள். நான் அவசரத்தில் இருந்தேன். அவள் வீட்டில் இருந்தது பழைய மாதிரி என்பது நினைவில் இல்லை. “அதெல்லாம் சும்மாம்மா, பச்சை எரியுதுல்ல, விடு” என்றேன்.

குளிர்காலம் ஆரம்பித்ததும் அவள் போய்ச் சேர்ந்தாள். குளியலறை வாசலில் கிடந்தாள், கையில் துண்டு இருந்தது. பள்ளியிலிருந்து ஆள் அனுப்பித்தான் கண்டுபிடித்தார்கள். நான் போனபோது பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. செண்டு சார் அலுவலகத்தில் என் தோளில் கை வைத்து, “என்ன வேணும்னாலும் கேளுங்க” என்றார். அன்று சாயங்காலமே, நம் பெட்டி என்று செய்தியில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று என்னிடமே கேட்டார். பார்த்துக்கொண்டேன். ‘துரதிர்ஷ்டவசமான விபத்து’ என்று போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அவர்மேல் கோபப்படவில்லை. கோபம் வந்தால் எழுத்து கெட்டுப்போகும். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு அவரும் ஒருநாள் நிற்க வேண்டும். அதற்காக நான் எதையும் தேடிப் போகவில்லை. அவராகவே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டின்போது ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். வீட்டில் மாட்டியிருக்கும் புதுப் பெட்டி, ஹீட்டரைப் போட்டாலே கத்தித் தொலைக்கிறதாம். மனைவிக்கு வேலை ஓடவில்லையாம். “நம்ம பெட்டி லட்சணம் நமக்குத் தெரியாதா? உங்க அலமாரில ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. கத்தாத பெட்டியா பாத்துக் குடுங்க” என்றார். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஒரு தவறை வெளியாள் எவரும் செய்யமாட்டார். வெளியாளாக இருந்தால் பெட்டி கத்தியதும் ஹீட்டரைத்தான் பார்ப்பார். பெட்டியைச் செய்தவர் என்பதால் அவர் பெட்டியைச் சந்தேகப்பட்டார்.

மூளை எங்களிடம்தானே இருந்தது. கட்டுரைக்கு வேண்டும் என்று சொல்லி அவர் வீட்டுப் பெட்டி அனுப்பிய தகவல்களை வாங்கிப் பார்த்தேன். பாவம், அது பொய் சொல்லவில்லை. ஹீட்டர் கெட்டுத்தான் இருந்தது. விளம்பரப் படம் எடுப்பதற்காக என் அலமாரியில் எல்லா மாதிரிகளும் இருக்கும். பழையதற்கும் புதியதற்கும் வெளியே வித்தியாசமே கிடையாது, அச்சு ஒன்றுதான், உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டுதான் வேறு. பழையது ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நானே ஏணியில் ஏறிப் புதியதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். பச்சை எரிந்தது. செண்டு சார் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார், சத்தமே இல்லை. “இதுதான் நல்ல பெட்டி” என்று என் முதுகில் தட்டினார்.

அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

அவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இதைக் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அலுவலக உடற்பயிற்சிக் கூடத்தில் குளிக்கிறவர். வாரத்தில் பாதி நாள் விமானத்தில் இருப்பார். வீட்டிலேயே இருந்தவர் அவருடைய மனைவி. குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைபவர். ஹீட்டர் இருந்த இடத்தை ஒட்டிய சின்ன அறைதான் அவர் வேலை செய்யும் அறை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்.

பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் இரண்டொரு தடவை அங்கே போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது என் சுபாவமில்லை. அந்த அம்மாள் நல்ல மனுஷி. தங்கையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் என்னிடம் யாருமே விசாரித்ததில்லை. அவர் விசாரித்தார். எப்படி இருப்பாள், என்ன பாடம் எடுப்பாள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். யானைக்குக் கண்ணாடி போட்ட படம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தவர், அந்த யானையைக் கணக்கு வாத்தியார் ஆக்கிவிடுகிறேன் என்றார். கடைசியாகப் போனபோது தேநீர் கொடுத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கொஞ்ச நாளா ஒரே தலைவலிண்ணா. வாந்தி வர மாதிரி இருக்கு. ஹீட்டரை யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமான்னு பாக்கறேன்.”

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. என்னை அண்ணா என்று கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை.

“பெட்டி சும்மாதானே இருக்கு. பச்சை எரியுதே. கண்ணுக்கு வேலை ஜாஸ்தி குடுக்கறீங்க, அதான்” என்றேன்.

அவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சமாதானமாகச் சிரித்தார். நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, மழை வரும்போல இருக்கிறது, குடை வேண்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் செண்டு சார் வெளியூரில் புதிய மாதிரியை அறிமுகப்படுத்தப் போயிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தவர் அவர்தான். அந்த அம்மாள் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்குவதைப் போல இருந்தாராம். சுவரைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். பார்த்தேன் என்றார். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்த மனிதர் குழந்தையைப் போல அழுதார். அவருடைய செண்டு என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதுவரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. மனசு லேசாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் விஷயம் கையை விட்டுப் போனது. அறிக்கை எழுத என்னையே கூப்பிட்டார்கள். ‘துரதிர்ஷ்டவசமான விபத்து’ என்று போடச் சொன்னார்கள். போட்டேன். செய்தியைப் பார்த்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். முன்னே எங்கள் நிறுவனத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள்கூட, பாவம் அந்த மனுஷன் என்று எழுதினார்கள். மாதம் திரும்புவதற்குள் செண்டு சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. புதிதாக ஒரு பெட்டி வருகிறது, அதை அவளுக்குக் காணிக்கையாக்கப் போகிறோம், அவள் வரைந்த அந்தக் கண்ணாடி போட்ட யானையை மேலே அச்சடிக்கப் போகிறோம் என்றார். மக்கள் மனதைத் தொடுகிற மாதிரி இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவர் வீட்டில் வைத்த தீயில் அவர்கள் குளிர்காய ஆரம்பித்துவிட்டார்கள். அது என் தங்கையின் யானை.

அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். விபத்து என்று அவர் நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. நடந்தது விபத்தில்லை. அவருடைய மனைவியை நான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, ஏணியில் ஏறி, கொன்றேன். ஏன் என்பதை நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். என் தங்கை யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. விளக்கைப் பற்றிப் பேசிய அந்தக் கூட்டத்தில் இருந்த பொறியாளர் அம்மாவிடம் பேசியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. செண்டு சார் விளக்கை மொத்தமாக அணைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அது உண்மை. அணைந்த விளக்கைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், பச்சையாகவே எரியட்டும், அதற்கு ஒரு விளக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். ஆனால் என் வேலை யோசனை சொல்வதுதான். சரி என்று தலையாட்டியது அவர். அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.